சேர்வராயன் அடிவாரத்தில் பறக்கப் பழகுகிறீர்களா? முதலில் விமானத்தைப் பாருங்கள்!

கோடைப் பிற்பகலில் கமலாபுரத்தில் 38 டிகிரி வெயில் அடிப்பது சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வெயிலில் ஓடுபாதையில் நிற்கும் ஒரு சின்னப் பயிற்சி விமானத்துக்கு என்ன நேர்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் வெப்பம் 13 டிகிரி என்று வைத்துக்கொண்டுதான் விமானங்களின் திறன் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் ஒரு டிகிரி கூடினால், விமானம் சுமார் 120 அடி ஏறிவிட்டதைப் போல நடந்துகொள்ளும். 25 டிகிரி கூடினால் 3,000 அடி. ஆக, சக்கரம் தரையில் பதிந்து நிற்கும்போதே அதன் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் கிடைப்பது 4,000 அடி உயரத்துக் காற்று. எதிரே தெரியும் ஏற்காடு 5,000 அடிக்குச் சற்றே குறைவு. மலையில் ஐந்தில் நான்கு பங்கு ஏறிவிட்ட நிலையிலிருந்துதான் அந்த விமானம் புறப்படவே தொடங்குகிறது.

இந்தக் கணக்கு இத்தனை நாள் நமக்குத் தேவைப்படவில்லை. இப்போது தேவைப்படுகிறது. இந்திய விமான நிலைய ஆணையம் 2022-ல் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய ஐந்து நிலையங்களில் சேலமும் ஒன்று. பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர் ஆகியவை மற்ற நான்கு. 1993-ல் திறக்கப்பட்டு, பயணிகள் சேவை வருவதும் நிற்பதுமாகவே காலம் கழித்த கமலாபுரத்தில் இன்று பயிற்சி விமானங்கள் பறக்கின்றன. மாரமங்கலம் போன்ற சேர்வராயன் மலைக் கிராமத்தில், காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே வளரும் பிள்ளை விமானம் ஓட்ட ஆசைப்பட்டால், வெளிமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகாமல் மலையிறங்கி ஓமலூர் பக்கம் போனால் போதும் என்ற நிலை வந்திருக்கிறது. இது பெரிய விஷயம். அதனால்தான் அந்தப் பிள்ளையின் பெற்றோர் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மருத்துவத் தகுதிச் சான்றும் வேண்டும். எழுத்துத் தேர்வுகள் உண்டு. குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு கூலிக்கு விமானம் ஓட்ட முடியாது. அதற்கு வணிக விமானி உரிமம் வேண்டும், அதற்கு 200 மணி நேரம். ஆனால் இரண்டுக்கும் அடித்தளம் இந்த முதல் 40 மணி நேரம்தான். கை, கால், கண், காது நான்கும் எந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கின்றனவோ அதுதான் கடைசிவரை நிற்கும். அந்தப் பழக்கத்தை எந்த விமானத்தில் பிடிக்கிறோம் என்பது சின்னக் கேள்வி அல்ல.

பெரும்பாலான பெற்றோர் கேட்கும் கேள்வி, "எது புது விமானம்?" என்பது. மாணவர்கள் கேட்பது, "எதில் பெரிய திரை இருக்கிறது?" என்பது. இரண்டுமே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல.

எடையில் தொடங்குங்கள்

முதலில் தராசு. உலகெங்கும் பல தலைமுறை விமானிகள் கற்றுக்கொண்ட செஸ்னா 152 இரண்டு இருக்கை விமானம். 110 குதிரைத்திறன் எஞ்சின். மணிக்குச் சுமார் 23 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். செலவு குறைவு, கையாள எளிது, சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் அதன் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 757 கிலோதான். வெறும் விமானமே 500 கிலோவுக்கு மேல். மீதி 240 கிலோ சொச்சத்தில் மாணவர், பயிற்றுநர், பெட்ரோல், பை எல்லாம் அடங்க வேண்டும். ஆளுக்கு 80 கிலோ என்றால் 160 போய்விட்டது. தொட்டி நிறைய பெட்ரோல் ஊற்றினால் இன்னொரு 70 கிலோ. தராசு முள் எல்லைக் கோட்டில் நிற்கும். மாணவர் 95 கிலோ, பயிற்றுநர் 85 கிலோ என்றால் தொட்டியை நிரப்ப முடியாது. நிரப்பினால் சட்டத்தையும் இயற்பியலையும் ஒரே நேரத்தில் மீறுகிறோம்.

அந்த விமானத்தின் கையேட்டில், கடல் மட்டத்தில் இதமான வெப்பத்தில், முழு எடையோடு நிமிடத்துக்கு 715 அடி ஏறும் என்று போட்டிருக்கும். நாம் மேலே பார்த்த 4,000 அடிக் காற்றில் அது ஏறக்குறைய 550 அடியாகக் குறையும். அதுவும் புது எஞ்சினுக்கான கணக்கு. செஸ்னா நிறுவனம் 152 விமானத்தின் உற்பத்தியை 1985-ல் நிறுத்திவிட்டது. இன்று பறப்பவற்றில் மிக இளையதற்கே 40 வயது. கமலாபுரத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளம், சின்ன விமானங்களுக்குத் தாராளம். எனவே ஓடி எழும்புவது பிரச்சினை இல்லை. எழும்பிய பின் மலை இருக்கும் திசையில் உயரம் பிடிப்பதுதான் பிரச்சினை.

சேர்வராயன் மலைத்தொடரின் உச்சி 5,300 அடியைத் தாண்டும். பாறைச் சரிவுகள் வெயிலில் காய்ந்ததும் காற்று மேலெழும். காற்று வீசும் திசைக்கு மறுபுறச் சரிவில் அதே காற்று கீழே இழுக்கும். நிமிடத்துக்கு 500 அடி இறக்கும் காற்றோட்டத்தில், 550 அடி ஏறத் தெரிந்த விமானம் மாட்டிக்கொண்டால் கையில் மிஞ்சுவது 50 அடி. மலை முகட்டுக்கு மேல் போதிய உயரம் வைத்துக்கொண்டு, நேராக அல்லாமல் சாய்கோணத்தில் அணுக வேண்டும், கோளாறு தெரிந்தால் உடனே சமவெளிப் பக்கம் திரும்பும் வழி திறந்திருக்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான். தொடக்கப் பயிற்சி எல்லாம் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது, பத்து மணிக்குள் முடிவதும் இதனால்தான். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் கார் ஓட்டிப் பழகத் தொடங்குவதில்லை. மலைக்கு மேல் பறப்பதும் முதல் பாடம் அல்ல.

அப்படியென்றால் நான்கு இருக்கை செஸ்னா 172? 1950களின் நடுவில் பிறந்து, 44,000-க்கு மேல் உற்பத்தியாகி, இதைவிட அதிகம் செய்யப்பட்ட விமானம் இல்லை என்று பெயர் வாங்கியது. அதன் 172 எஸ் ரகத்துக்கு 180 குதிரைத்திறன், 1,157 கிலோ புறப்பாட்டு எடை. வெறும் எடையைக் கழித்தால் 350 கிலோவுக்கு மேல் மிச்சம். இரண்டு பேரும் முழுத் தொட்டியும் ஏறினாலும் எல்லைக்குள் நிற்கும். பின் இருக்கையில் இன்னொரு மாணவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லலாம். அவர் செய்யும் தவறிலிருந்து இவர் கற்பது பைசா செலவில்லாத பாடம். ஆனால் மணிக்கு 32 முதல் 35 லிட்டர் குடிக்கும். அந்த வேறுபாடு கட்டணத்தில் வந்து விழும்.

இந்த விமானத்தின் குணத்தைத் தமிழ்நாடே அண்மையில் பார்த்தது. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து புறப்பட்ட ஒரு செஸ்னா 172 பயிற்சி விமானம், நடுவழியில் கோளாறு ஏற்பட்டு, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினர். சாலையில் இறக்கிய விமானியின் கைத்திறனைப் பாராட்ட வேண்டும். அந்தக் கைத்திறனுக்கு இடம் கொடுத்த விமானத்தையும் கவனிக்க வேண்டும். இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான பிளாப்பை முழுக்க இறக்கினால் 172 மணிக்கு 90 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே வேகம் குறையும் வரை காற்றில் நிற்கும். எஞ்சின் நின்றுபோனாலும் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் மிதந்து செல்லும். இடம் தேடவும், முடிவெடுக்கவும், இறங்கவும் விமானிக்கு நேரம் கிடைக்கிறது. தொடக்க மாணவருக்கு ஒரு விமானம் தரக்கூடிய மிகப் பெரிய பரிசு இந்த நேரம்தான்.

இறக்கை மேலேயா, கீழேயா?

தேநீர்க் கடை விவாதம்போல விமானிகளிடையே ஓயாத வாதம் இது. செஸ்னாக்களுக்கு இறக்கை தலைக்கு மேலே. கீழே நிலம் நன்றாகத் தெரியும். மேட்டூர் நீர்த்தேக்கம், ரயில் பாதை, நெடுஞ்சாலை என்று அடையாளம் பார்த்து வழி கண்டுபிடிக்கப் பழகும் மாணவருக்கு வசதி. வெயிலுக்கும் மழைக்கும் இறக்கையே கூரை. பைப்பர் செரோக்கி குடும்பத்துக்கு இறக்கை கீழே. வளைந்து திரும்பும்போது, போக வேண்டிய பக்கம் மறையாமல் தெரியும். ஆனால் தரையை ஒட்டி வரும்போது கீழிறக்கை விமானம் கொஞ்சம் மிதந்து நீளும். வேகத்தைச் சரியாகப் பிடிக்காத மாணவர் ஓடுபாதையில் பாதியை விட்டுவிடுவார். பைப்பருக்குக் கதவு ஒன்றுதான், வலப்பக்கம். எரிபொருளை இடத் தொட்டி, வலத் தொட்டி என்று கையால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செஸ்னாவில் இரண்டையும் சேர்த்துத் திறந்துவிடலாம். மாற்ற மறந்து, ஒரு தொட்டி நிறைய எரிபொருள் இருக்கும்போதே எஞ்சினை அணையவிட்ட விமானிகள் உலகில் நிறைய உண்டு.

டைமண்ட் டிஏ40 இன்னொரு உலகம். கலவைப் பொருளால் ஆன உடல், கைப்பிடிக் குச்சி, திரை நிறைந்த முகப்பு. அதன் டீசல் எஞ்சின் ரகம் ஜெட் எரிபொருளில் ஓடும், ஒரே நெம்புகோலில் எஞ்சின் முழுதும் கட்டுப்படும். விமான நிறுவன வேலைதான் குறி என்று தெளிவாக இருப்பவருக்கு நல்ல விமானம். ஆனால் தலைக்கு மேல் முழுதும் கண்ணாடி. சேலத்து ஏப்ரலில் தரையில் புறப்பாட்டுக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடம் மாணவரைச் சோர வைத்துவிடும். வேண்டுமென்றே சுழல வைத்து மீட்கும் பயிற்சிக்கும் அதற்கு அனுமதி இல்லை. செஸ்னா 152-ல் அது உண்டு. என்னைக் கேட்டால், தகுதியான பயிற்றுநரோடு, போதிய உயரத்தில், ஒருமுறையாவது சுழலைப் பார்த்து மீண்டவர் அதற்குப் பிறகு வேகத்தை அலட்சியம் செய்யமாட்டார்.

எஞ்சினுக்கும் ஊர்க்குணம் உண்டு. கார்புரேட்டர் உள்ள எஞ்சினில், ஈரக்காற்று நாட்களில், வெளியே 20 டிகிரி இருக்கும்போதும் உள்ளே பனி உறையும். பெட்ரோல் ஆவியாகும்போது அங்கே வெப்பம் அவ்வளவு இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலைக்காற்றில் பறப்பவர் கார்புரேட்டரைச் சூடேற்றும் குமிழை மறக்கக் கூடாது. எரிபொருளை நேரே பீய்ச்சும் எஞ்சினில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நண்பகலில் ஒருமுறை பறந்து நிறுத்திய எஞ்சினை மீண்டும் கிளப்பப் பார்த்தால், குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடம் பிடிக்கும். இரண்டில் எதுவானாலும் அதன் பிடிவாதத்தை அறிந்துகொண்டு கற்க வேண்டும்.

பெரிய திரைகளைப் பற்றி ஒன்று. முதல் 20 மணி நேரத்தில் மாணவரின் கண் இருக்க வேண்டிய இடம் வெளியே, அடிவானத்தில். ஆறு வட்ட மானிகள் கொண்ட பழைய முகப்பு, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொல்லும். திரை உள்ளேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். திரையைப் பிறகு சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். வெளியே பார்க்காத பழக்கத்தைத் திருத்த அதைவிட நாளாகும்.

நம் கையால் செய்த விமானங்கள்

சென்னையில் 1930-ல் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் தொடங்கியபோது மாணவருக்குத் தேர்வு என்று எதுவும் இல்லை. கிடைத்தது திறந்த இருக்கை மாத் ரக இரட்டை இறக்கை விமானம். அதற்கு முந்தைய ஆண்டு, 1929 பிப்ரவரி 10-ல், இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை ஜே.ஆர்.டி. டாட்டா பெற்றிருந்தார். சென்னையில் பிறந்த உஷா சுந்தரம் 1949-ல் பெங்களூரு ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி முடித்தார். 1951-ல் கணவர் வி. சுந்தரத்துடன் சென்னை அரசுக்கான டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். பின்னால் சக்கரம் வைத்த சாதாரண விமானங்களில் பழகிய தலைமுறை அது. அந்த விமானங்களில் காலால் சுக்கானைச் சரியாக மிதிக்காதவர் தரையிலேயே சுற்றி நின்றுவிடுவார். அதனால் கால் பழகியது.

பிறகு நாமே செய்தோம். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் புஷ்பக் 1958-ல் முதன்முதலாகப் பறந்தது. 90 குதிரைத்திறன், துணி போர்த்திய உடல், இரண்டு இருக்கை. நாடெங்கும் ஃபிளையிங் கிளப்புகளில் அதுதான் வேலை செய்தது. அதன் பிறகு பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் ஹன்சாவை உருவாக்கியது. 1993-ல் முதல் பறப்பு, 2000-ல் சான்றிதழ். அதன் புதிய வடிவமான ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பரில் பறந்தது. 2022 பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒன்றரை மணி நேரத்தில் பறந்து வந்து, அங்கேயே கடல் மட்டச் சோதனைகளை மார்ச் முதல் வாரத்துக்குள் முடித்தது. அருகருகே இரண்டு இருக்கை, கலவைப் பொருள் உடல், சிக்கனமான ரோடாக்ஸ் எஞ்சின். நம் வெயிலில், நம் ஈரத்தில், நம் ஓடுபாதைகளில் சோதிக்கப்பட்ட விமானம். இது நம் பயிற்சிப் பள்ளிகளுக்குப் பெருமளவில் வந்து சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உதிரி பாகம் அமெரிக்காவிலிருந்து வரும்வரை கொட்டகையில் கிடக்கும் விமானத்தால் மாணவருக்கு எந்தப் பயனும் இல்லை. பிஸ்டன் எஞ்சின்களுக்கான பெட்ரோலைக்கூட 2022 வரை இறக்குமதிதான் செய்துவந்தோம். அந்த ஆண்டில்தான் இந்தியன் ஆயில் உள்நாட்டில் தயாரித்ததை வெளியிட்டது.

கொட்டகைக்குள் கேட்க வேண்டியவை

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ரகத்தைவிட முக்கியம், அந்த விமானம் தினமும் பறக்கிறதா என்பது. இன்று ஒரு மணி நேரம், அடுத்தது பத்து நாள் கழித்து என்று பறந்தால், இரண்டாவது வகுப்பில் பாதி நேரம் மறந்ததை நினைவுபடுத்தவே போய்விடும். 40 மணி நேரத்தில் முடிய வேண்டியது 60, 70 என்று நீளும். நீளும் ஒவ்வொரு மணிக்கும் பணம். நடுத்தரக் குடும்பங்கள் நிலத்தையும் நகையையும் வைத்துப் படிக்க வைக்கும் படிப்பு இது. "உங்களிடம் எத்தனை விமானம்?" என்று கேட்டால் பெரிய எண் வரும். "இன்று காலை பறக்கும் நிலையில் எத்தனை? அவற்றை எத்தனை மாணவர் பகிர்கிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 அக்டோபரில் நாட்டின் பயிற்சி நிறுவனங்களுக்குத் தரவரிசை வெளியிட்டது. முதல் இரண்டு தரநிலைகளில் ஒரு நிறுவனம்கூட இடம்பெறவில்லை. சோர்ந்துபோக வேண்டிய செய்தி அல்ல. பெற்றோருக்கு முதன்முறையாகக் கையில் ஒரு அளவுகோல் கிடைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

போனதும் விமானத்தில் ஏறி உட்காருங்கள். இருக்கையை முன்னால் இழுத்தால் கால் சுக்கான் மிதிக்கு முழுதாக எட்டுகிறதா, முகப்புக்கு மேலே அடிவானம் தெரிகிறதா என்று பாருங்கள். குட்டையான மாணவிகள் பலர் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, எட்டாத மிதியோடு மல்லுக்கட்டி, தங்களுக்குத் திறமை இல்லை என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு மெத்தை வைத்தால் தீரும் குறை அது. இருக்கைத் தண்டவாளத்தின் பூட்டு சரியாக விழுகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். பராமரிப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் கடைசியாக எப்போது முழுதாகப் பிரித்துச் சீரமைக்கப்பட்டது, எத்தனை மணி ஓடியிருக்கிறது, 100 மணி நேரச் சோதனை எப்போது வருகிறது, போன முறை மாணவர் எழுதிய கோளாறு எப்படித் தீர்க்கப்பட்டது என்பவை அதில் இருக்கும். கோளாறே எழுதாத பதிவேட்டைக் கண்டால் எச்சரிக்கையாகுங்கள். பறக்கும் விமானத்தில் கோளாறு வராமல் இராது. எழுதும் வழக்கம் இல்லை என்றுதான் பொருள்.

பயிற்றுநரிடமும் பேசுங்கள். நம் விமானப்படை பயிற்றுநர்களை உருவாக்குவதற்கென்றே தாம்பரத்தில் 1954 முதல் ஒரு பள்ளி நடத்துகிறது. கற்பிப்பதையே தனிக் கலையாக அவர்கள் மதிப்பது போல நாமும் மதிக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு ஒரே பயிற்றுநர், ஒரே ரக விமானம் என்று தனியாகப் பறக்கும் சோலோ நாள் வரையாவது தொடர முடியுமா என்று கேளுங்கள். வாரம் ஒரு ரகம் மாறினால் வேகம், ஒலி, பார்வைக் கோணம் எல்லாம் மாறும். இறங்கும் நேரத்தில் கண்ணுக்குப் பழகிய படம் கலைந்துவிடும்.

கமலாபுரத்தில் தொடங்கும் ஒருவருக்கு என் பரிந்துரை செஸ்னா 172, வட்ட மானி முகப்போடு கிடைத்தால் இன்னும் நல்லது. மாணவரும் பயிற்றுநரும் ஒல்லியானவர்கள், நோக்கம் தனியார் உரிமம் மட்டும், வகுப்பு விடிகாலையில் என்றால் 152 போதும், பணமும் மிஞ்சும். டிஏ40-ஐ வணிக உரிமத்தின் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் இவற்றில் எதையும் விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு காலை நேரம் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய், கொட்டகையில் நின்று, பதிவேட்டைப் படித்து, ஒரு அறிமுகப் பறப்புக்கு மட்டும் பணம் கொடுத்துப் பாருங்கள். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டால், தவணையாகத்தான் கட்டுவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.